சலோமி படிக்க வேண்டிய அதிகாரம்

ஆறு வருஷமாக நாங்கள் பர்மாவுக்கு அனுப்பிய பைபிள்களில் ஒன்றைக்கூட யாரும் பிரித்துப் படிக்கவில்லை என்ற சங்கதி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் சங்கரா மீனுக்கு மேலே ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது தெரியவந்தது. போனில் சொன்னவள் என் பெரியம்மா மகள் சலோமி. அதையும் அவள் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

"இந்த வருஷம் அனுப்ப வேணாம்னு ஹென்றி ஐயாகிட்ட சொல்லிடு தங்கச்சி. பெட்டியில எடமில்ல" என்றாள்.

"இன்னா பெட்டி?"

"தகரப் பெட்டி. மழையில நனையாம அதுலதான் அடுக்கி வெச்சிருக்கோம்."

"அடுக்கி வெச்சிக்கீறீங்களா? யாரும் படிக்கலையாக்கா?"

தப்பு செய்து மாட்டிக்கொண்ட குரலில் சொன்னாள். "எங்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாதேம்மா. வாயில மட்டும்தான் தமிழ். இங்க நாலு ஊர்லயும் அவரு ஒருத்தருக்குத்தான் படிக்கத் தெரியும். அவரும் தன்னோட பழைய புஸ்தகத்துலதான் படிப்பாரு."

எனக்குக் கையிலிருந்த ஐஸ் சில்லிட்டது கூட உறைக்கவில்லை. எண்பத்து நாலு பைபிள். ஜிப் வைத்த உறை. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அந்தந்தக் குடும்பத்தின் பேரை நானே உட்கார்ந்து முத்து முத்தாக எழுதியிருந்தேன். அந்த ஜனங்களுக்குத் தங்கள் பேர் அங்கே எழுதியிருப்பதுகூடத் தெரியாது.

"ஆறு வருசமா வாய மூடிகினு இருந்தீங்களே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடை மலர்க்கொடி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாவம், அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தாரு ஹென்றி ஐயா. எப்பிடி சொல்றது?" என்றாள் சலோமி.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ரேச்சல். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மீன் விற்கிறேன். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து, மத்தியானம் இரண்டு மணிக்குள் முக்கால்வாசி விற்றுவிடுவேன். என் அம்மா அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த கூட்டத்தில் ஒருத்தி. அம்மாவின் அக்காவுக்கு அங்கேயே கல்யாணமாகிவிட்டதால் அவர் வரவில்லை. அவருடைய மகள்தான் சலோமி. என்னைவிட நாலு வயசு மூத்தவள். ரங்கூனிலிருந்து ஒரு ராத்திரி, ஒரு பகல் பஸ்ஸில் போனால் வரும் ரப்பர் தோட்டத்து ஊர் அவளுடையது. அங்கே ஒன்பது தமிழ்க் குடும்பங்கள், ஒரு தகரக் கொட்டகை. அதுதான் சபை. அந்த மாதிரி நாலு ஊர்களை விம்கோ நகரில் இருக்கும் எங்கள் சபை தாங்குகிறது. தாங்குகிறோம் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சலோமி சொன்ன 'அவர்', அவள் புருஷன் தாவீது. அந்த ஊர் உபதேசியார். ஜனவரியில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டார்.

"அடக்கத்துக்கு யாருக்கா வாசிச்சாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரு வாசிக்கிறது? டவுன் பாஸ்டர் வர்றதுக்கு ரோடு சரியில்ல. புஸ்தகத்தைத் திறந்து வெச்சிட்டு எல்லாரும் பார்த்தோம். மனப்பாடமா தெரிஞ்ச பாட்டு ஒண்ணைப் பாடிட்டு மண்ணைத் தள்ளிட்டோம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "ஊர்ல செத்த அத்தனை பேருக்கும் வாசிச்ச மனுசன். அவருக்கு ஒரு வரி இல்ல தங்கச்சி."

பிறகு அவள் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னாள். இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் பண்டிகை அன்று விடியலில் அவர்கள் ஊரிலும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அங்கே நின்று, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைச் சொல்லும் அதிகாரத்தை வாசிப்பது தாவீதின் வழக்கம். இந்த வருஷம் வாசிக்க ஆளில்லை, சும்மா ஏற்றிவிட்டு வரலாம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"நான் வாசிக்கணும்" என்றாள் சலோமி. "அவரு தலைமாட்டுல நின்னு, என் வாயால. ஏதாவது வழி பண்ணு."

பண்டிகைக்குப் பத்து வாரம் இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து மிஷனரி கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஹென்றி அண்ணனும் அவர் சொல்வதற்குத் தலையாட்டும் மூன்று பேரும், டீ ஊற்ற நானும். ஹென்றி அண்ணன் துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு எண்ணிக் கணக்கெழுதிய மனுஷர். பைபிள் நூறைத் தொடுவதை ஒரு விழாவாகவே கொண்டாட வேண்டும், பேனர் வைக்க வேண்டும் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் டீ கேனைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அங்க ஒருத்தருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அம்புட்டும் பெட்டில தூங்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹென்றி அண்ணன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரேச்சல், நீ போயி பார்த்தியா? நான் ரெண்டு தரம் போயிருக்கேன். ஒவ்வொருத்தரும் வாங்கி முத்தம் கொடுத்து தலைமேல வெச்சாங்கம்மா."

"தலைமேல வெச்சாங்க. கண்ணுக்கு முன்னால வெக்கலையே."

"அப்போ எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க போட்டோ எடுத்துகினு இருந்தீங்க, அவங்க எப்போ சொல்றது?"

அதைச் சொன்னவுடனே எனக்கே சங்கடமாகிவிட்டது. மனுஷர் கெட்டவர் இல்லை. அறுபத்தாறு வயசில் இரண்டு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தவர். ஆனால் என் வாய் எப்பவும் எனக்கு முன்னால் ஓடிவிடும், என் புருஷன் இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

கமிட்டி அரை மணி நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. பைபிளோடு சேர்த்து இனிமேல் ஆளுக்கொரு அரிச்சுவடியும் அனுப்புவது.

"படிக்கத் தெரியாதவங்களுக்கு இன்னொரு புஸ்தகமா? யாரு சொல்லிக் குடுப்பாங்க, தகரப் பெட்டியா?" என்று கேட்டுவிட்டு டீ கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பின்னால் யாரோ 'இவளுக்கு வாய் ஜாஸ்தி' என்றார்கள். ஜாஸ்திதான், என்ன இப்போ?

வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஷாலுவிடம் புலம்பினேன். அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை செய்கிறாள், எல்லாவற்றுக்கும் போனில் விடை வைத்திருப்பாள்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? ஆடியோ பைபிள் ஃப்ரீயா கீதும்மா. அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் அனுப்பு. போனை வெச்சா அதுவே படிக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உடனே அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து சலோமி பேசினாள். குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

"நல்ல குரல்தான். யாரோ ஒரு ஆம்பளை நல்லா வாசிக்கிறாரு. அதை வெச்சிட்டு நான் என்ன பண்ண? புருஷன் கல்லறையில போனை வெச்சிட்டுப் பக்கத்துல கைகட்டி நிக்கவா? எனக்கு நாக்கு இல்லையா?"

அவளும் என் ரத்தம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரிக்கா, கோச்சுக்காத. உனக்கு எந்த எழுத்துதான் தெரியும்?"

"பர்மா எழுத்து தெரியும். அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்ல. நல்லாவே எழுதுவேன்."

"அப்ப பர்மா பாஷை பைபிளே ஒண்ணு வாங்கி வாசியேன். ஆண்டவருக்கு அதுவும் புரியும்."

"ஆண்டவருக்குப் புரியும். அவரு எங்கிட்ட ஒரு நாளும் பர்மாவுல பேசினதில்ல" என்றாள். ஆண்டவரையா, தாவீதையா, யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நிமிஷம் விழித்தேன். புருஷனைத்தான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. தமிழ் வார்த்தையைப் பர்மா எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவள் படித்துவிடுவாளே! அந்த எழுத்து இங்கே யாருக்குத் தெரியும்? எண்ணூர் நெடுஞ்சாலையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் நீலமேகம் ஐயாவுக்குத் தெரியும். அவரும் அதே கப்பல் கூட்டம், பன்னிரண்டு வயசில் பர்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்.

மறுநாள் மூன்று மணிக்கு அவர் கடைக்குப் போனேன். சாயங்கால வியாபாரத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். முட்டைக்கோஸ், நூடுல்ஸ், புளித்தண்ணி எல்லாம் வரிசையாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"உங்க சபை விசயத்துல என்னை இன்னாத்துக்கும்மா இழுக்கிற? எனக்கு வடிவுடையம்மன் போதும்" என்றார்.

"அம்மன் கோச்சிக்க மாட்டா நைனா. ஒரு பொம்பள புருசனைப் பொதைச்சிட்டு ஒரு வார்த்த இல்லாம நிக்கிறா. எழுதிக் குடு."

வெங்காயமா என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையைக் கழுவிவிட்டு, பில் போடும் நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். நான் வாசித்தேன், அவர் எழுதினார். ஜாங்கிரி பிழிந்த மாதிரி சுழி சுழியாக வந்தது எழுத்து. மூன்று வரி எழுதுவதற்குள் நாலு இடத்தில் நின்றுவிட்டார். அறுபது வருஷமாகத் தொடாத எழுத்து. பேனாவை மூடிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியும்னு சொன்னல்ல?"

"ஆமா."

"உனக்குப் படிக்கத் தெரியும். போன்ல பேசிக்கிறீங்க. நீ படி, அது எழுதிக்கட்டும். நடுவுல நான் யாரு?"

ஆறு வருஷமாக எங்களில் ஒருவர்கூட யோசிக்காத விஷயம். அவர்களுக்கு என்ன அனுப்பலாம், எத்தனை அனுப்பலாம், யார் கையில் அனுப்பலாம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீலமேகம் ஐயா ஒரு தட்டு அத்தோ பிசைந்து கொடுத்து, "தின்னுட்டுப் போ, மூஞ்சி இன்னாத்துக்கு இப்பிடி கீது" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணி எங்கள் நேரம். அங்கே அப்போது மூன்று மணி. சலோமி ரப்பர் பால் வடித்துவிட்டு, டவர் கிடைக்கும் மேட்டுக்கு நோட்டோடு ஏறி வருவாள். நான் கடையில் கூடைக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து, செதில் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு வாசிப்பேன். லைன் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் வாரத்துக்கு இரண்டு வசனம், நல்ல வாரமாக இருந்தால் மூன்று. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். அவள் எழுதியதைத் திருப்பிப் படிக்க வேண்டும். பைபிள் தமிழ் அவளுக்குக் கேட்டுப் பழக்கம்தான், ஆனாலும் சில வார்த்தை பிடிபடாது. 'இதுக்கு என்ன அர்த்தம்' என்பாள். எனக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பல தடவை ஆமென் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். தெரியாததை ராத்திரி பாஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டு மறுநாள் சொல்வேன். சலோமிக்குப் பாடம் எடுக்கப் போய், நாற்பத்தெட்டு வயசில் நான்தான் அந்த அதிகாரத்தை முதல் தடவையாகப் படித்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு கூத்து நடந்தது. அதுவரை எழுதியதை முழுசாக வாசித்துக் காட்டு என்றேன். கணீரென்று ஆரம்பித்தாள். அந்தப் பெண்கள் விடியலில் கல்லறைக்குப் போகிறார்கள், வாசலில் இருக்கும் பெரிய கல்லை யார் புரட்டுவார்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் அதே பயபக்தியோடு தொடர்ந்தாள்.

"வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரம், அதுக்குக் கீழ ஒரு ரூபா கொறையாது, வேணும்னா வாங்கு இல்லாட்டி போய்கினே இரு."

"ஐயோ அக்கா!"

"ஏன், தப்பா எழுதிட்டேனா? நீ சொன்னதைத்தான் எழுதினேன்."

யாரோ பேரம் பேச வந்திருக்கிறார்கள். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பதில் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு எழுத்து விடாமல் அதையும் வேதத்தில் சேர்த்துவிட்டாள். மலர்க்கொடியிடம் சொன்னேன், அவள் மீன் வெட்டும் பலகையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அந்தப் பக்கம் சலோமியும் சிரித்தாள். தாவீது போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். அதற்கப்புறம் நான் வாசிக்கும் நேரத்தில் மலர்க்கொடியே என் கடையையும் பார்த்துக்கொண்டாள். "தோ, அவங்க சாமி பாடம் படிக்கிறாங்க, எங்கிட்ட பேசு" என்று வருகிறவர்களை இழுத்துக்கொள்வாள்.

அந்த வாரமே ஹென்றி அண்ணன் மீன் வாங்குவது போல வந்து நின்றார். நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"தமிழ் வேதத்தைப் பர்மா எழுத்துல எழுதறது மரியாதையா ரேச்சல்? நம்ம எழுத்துன்னு ஒண்ணு இருக்கே."

"உயிர்த்தெழுந்தவரு ஆண்டவரு அண்ணே, எழுத்து இல்ல."

மனுஷர் முகம் சிவந்துவிட்டது. "நீ பண்றது கமிட்டிக்குத் தெரியாம பண்ற வேலை. இதுல சபை பேரு வரக்கூடாது" என்றார்.

"வராது. என் பேரும் வேணாம். பண்டிகையன்னிக்கு அது வாயைத் தொறந்து வாசிக்கணும், அவ்ளோதான்."

அவர் மீன் வாங்காமலே போனார். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அன்றிரவு ஜெபத்தில் அவர் பேரையும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மார்ச் மாதக் கடைசியில் லைன் போய்விட்டது. அங்கே அடிக்கடி அப்படி ஆகும், ராணுவக்காரர்கள் நெட்டை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்தேன். அதிகாரத்தில் இன்னும் பாதி பாக்கி. தினமும் இரண்டு மணிக்குப் போனைக் கையில் எடுப்பேன், போகாது. திருப்பிப் போடுவேன், போகாது. பத்து தடவை, பதினைந்து தடவை. பக்கத்துக் கடைக்காரர்கள் கலாய்த்தார்கள். "இன்னாக்கா, ஆண்டவரு லைன்ல வரலையா?" என்றான் ஐஸ் வண்டி வெற்றி. "வருவாருடா, உன் வாய்ல இந்த ஐஸை வெச்சிட்டு வருவாரு" என்றேன்.

ஷாலு ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "ம்மா, போதும்மா. உன்னால ஆனதைச் செஞ்சிட்ட. அடுத்த வருசம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருசம்னா அந்த மனுசன் இன்னொரு வருசம் அப்படியே கெடக்கணுமா?" என்று எகிறினேன். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் எனக்கு உள்ளே பயம் பிடித்திருந்தது. சலோமி அந்த மேட்டில் நோட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பாளோ, வெறுத்துப்போய் ஏறுவதையே விட்டிருப்பாளோ என்று ராத்திரியெல்லாம் இதே யோசனை.

பதிமூன்றாம் நாள் போட்டபோது அந்தப் பக்கம் மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா! இத்தினி நாளா..."

"தினமும் வந்து உக்காந்திருந்தேன்" என்றாள் சலோமி. "பேசுறதுக்கு நேரமில்ல. படி."

பண்டிகைக்கு எட்டு நாள்தான் இருந்தது. வாரத்துக்கு இரண்டு வசனம் என்ற கணக்கெல்லாம் காற்றில் போனது. நான் வாசிக்க வாசிக்க அவள் எழுதினாள். தொண்டை கட்டிவிட்டது. பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் கடைசி வார்த்தையைச் சொன்னேன். அங்கே பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சதா?" என்றாள்.

"முடிஞ்சிதுக்கா. ஒரு தரம் படிச்சுக் காட்டு."

"மாட்டேன். அங்கதான் படிப்பேன்" என்று வைத்துவிட்டாள்.

பண்டிகை அன்று விடியலில் எங்கள் சபையும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் கடை போடுவதில்லை, அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். நாலரை மணிக்கெல்லாம் மெழுகுவர்த்தியோடு போய்விட்டோம். ஆளாளுக்குத் தங்கள் மனுஷர்களின் கல்லறையைக் கூட்டி, பூ வைத்து, வத்தி ஏற்றினார்கள். கடல் காற்றில் பாதி வத்தி நிற்கவில்லை. நான் என் புருஷனுக்கு ஏற்றிவிட்டு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நாலடி தள்ளி ஹென்றி அண்ணன் அவர் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அந்த அம்மா போய் மூன்று வருஷம். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். ஒரே இரைச்சல், காற்று, நாய் குரைக்கும் சத்தம், குழந்தை அழும் சத்தம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். ஹென்றி அண்ணனும் திரும்பிப் பார்த்தார்.

சலோமி வாசிக்க ஆரம்பித்தாள்.

வேகமில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். ஓய்வுநாள் முடிந்தது, அந்தப் பெண்கள் சுகந்தம் வாங்கினார்கள் என்று அவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது பேரில் நின்றுவிட்டாள். லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். 'ஆண்டவரே, இப்போ வேணாம், இப்போ மட்டும் வேணாம்' என்று போனை இறுக்கிப் பிடித்தேன்.

"இந்த எடத்துல என் பேரு வரும்" என்றாள் சலோமி. என்னிடம் சொல்லவில்லை, அங்கே நின்றவர்களிடம் சொன்னாள். "வருசா வருசம் இந்த எடம் வந்தா, அவரு தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்ப்பாரு."

நான் அந்தப் பேரை அவளுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். அவளும் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவள் தன் பேரைச் சத்தமாக வாசித்தாள். பிறகு நிற்கவில்லை. கல்லை யார் புரட்டுவது என்று கேட்ட இடம், அது ஏற்கெனவே புரண்டு கிடந்த இடம், உள்ளே உட்கார்ந்திருந்தவன் பயப்படாதீர்கள் என்று சொன்ன இடம், எல்லாம் வாசித்தாள். தடுக்கிய வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள், விட்டுவிட்டுப் போகவில்லை. கடைசி வரைக்கும் வாசித்து ஆமென் சொன்னாள். அங்கே நிறையக் குரல்கள் ஆமென் சொன்னது கேட்டது, ஒன்பது குடும்பத்துக் குரல் அல்ல அது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள் என்று பிற்பாடு சொன்னாள்.

எனக்குப் பின்னால் ஹென்றி அண்ணன் நின்றிருந்தார். "யாரும்மா வாசிச்சது? தாவீது சம்சாரமா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஆமாண்ணே."

அவர் போனுக்குக் குனிந்து, "சலோமிம்மா, நான் ஹென்றி பேசறேன். இங்க எல்லாரும் கேட்டோம். நல்லா வாசிச்சீங்க. நாங்க உங்களுக்காக..." என்று ஆரம்பித்தார். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான், நாங்கள் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்பது.

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்றாள் சலோமி. அங்கே தாள் புரளும் சத்தம் கேட்டது. "இப்ப வாசிச்சது அவருக்கு. நீங்களும் கல்லறையிலதானே நிக்கிறீங்க? அங்க உங்க ஆளுங்க யாரு படுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் உக்காருங்க. இப்ப உங்களுக்கு வாசிக்கிறேன்."

ஹென்றி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம்.